வண்டி வெளியே வர ஒரு வாசல்

பாளையங்கோட்டை

அன்பு மகள் காந்திமதிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய வரைபடங்களை உன் தம்பி பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். உங்கள் நகரத்தில் கட்டப்போகும் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் வடிவமைப்பு வேலை உன் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது என்று கேட்டதிலிருந்து இங்கே தெருவில் நான்கு பேரிடமாவது உன் அம்மா சொல்லிவிட்டாள். பேருந்துப் பணிமனையில் பிட்டுக்குள், அதாவது வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்துக்குள், இறங்கி வேலை கற்று, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்ற எனக்கு அந்த மகிழ்ச்சி இன்னும் கொஞ்சம் கூடுதல் என்பதை நீ அறிவாய். கட்டடத்தின் அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது உன் படிப்பு. ஆனால் வண்டிகளின் பக்கம் நின்று பார்க்கையில், நீங்கள் ஒரு காட்சிக்கூடத்தை வரைந்துவிட்டு அதற்குள் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் ஒரு பணிமனையை வரைய வேண்டும், அதைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. இந்தக் கடிதம் முழுவதும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மேற்குப் பக்கச் சுவரைத் திறந்து வைத்து, பேருந்துகளையும் டிராம் பெட்டியையும் உள்ளே இழுத்து நிறுத்திய பிறகு கண்ணாடியால் நிரந்தரமாக அடைத்துவிடுவதாகக் குறித்திருக்கிறாய். அடைத்த பிறகு எஞ்சுவது ஆள் நுழையும் கதவுகள் மட்டுமே. இதை எப்படியாவது மாற்றச் சொல். தில்லியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ‘ஃபேரி குயின்’ என்ற நீராவி எஞ்சின் இருந்தது. 1855-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, வங்காளத்தில் ஓடி, 1909-இல் ஓய்வுபெற்ற எஞ்சின் அது. காட்சிப்பொருளாக நின்றுகொண்டிருந்த அதை 1997-இல் வெளியே எடுத்துச் செப்பனிட்டு, தில்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே பயணிகளை ஏற்றி ஓட்டினார்கள். பிற்பாடு அதன் பாகங்கள் களவுபோனபோது, நம் பெரம்பூர்ப் பணிமனையில்தான் அதை மறுபடி உயிர்ப்பித்தார்கள். நூற்றைம்பது வயது எஞ்சினுக்கே வெளியே வரும் தேவை ஏற்பட்டதென்றால், உங்கள் கூடத்தில் நிற்கப்போகும் லேலண்ட் வண்டிக்கு ஏற்படாது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஓட்டுவதற்காக மட்டுமன்று, தகரம் அரித்தால், மரச்சட்டத்தில் கரையான் ஏறினால், காட்சியை மாற்ற விரும்பினால், எல்லாவற்றுக்கும் வண்டி நகர வேண்டும். ஈரடுக்குப் பேருந்து நுழையும் உயரத்துக்கு, மடக்கித் திறக்கும் ஒரு வாசல் இருக்கட்டும். வாசலுக்கு முன்னால் வெற்றிடமும் வேண்டும். பெரிய பேருந்து ஒன்று திரும்புவதற்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆரம் தேவை. நீங்கள் அந்த இடத்தில் வாழைத்தோட்டம் போலச் செடிகளை நட்டு வரைந்திருக்கிறீர்கள்.

இடப்பற்றாக்குறையையும் இப்போதே எண்ணிப்பார்க்க வேண்டும். லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் 1980-இல் கோவென்ட் கார்டன் பகுதியில் பழைய பூச்சந்தைக் கட்டடத்துக்குள் திறக்கப்பட்டது. (பூச்சந்தைக்குள் பேருந்தா என்று உன் அம்மா சிரித்தாள்.) பார்ப்பதற்கு நேர்த்தியான கட்டடம்தான், ஆனால் சேகரிப்பில் பெரும்பகுதி அதற்குள் அடங்கவில்லை, 1999-இல் ஆக்டன் என்ற இடத்தில் தனியாக ஒரு சேமிப்புப் பணிமனையைத் திறந்தார்கள். அந்தப் பணிமனையையும் சில நாட்களில் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள். கிளாஸ்கோ நகரத்தின் கதை இன்னும் நீளம்: 1964-இல் பழைய டிராம் பணிமனையில் தொடங்கிய அருங்காட்சியகம், 1988-இல் வேறொரு மண்டபத்துக்குப் போய், 2011-இல் கிளைட் ஆற்றங்கரையில் சாஹா ஹதீத் வடிவமைத்த புதுக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. தூண் குறுக்கிடாத அந்தக் கூரையை நீ கல்லூரியில் படித்திருப்பாய். நான் படங்களில் பார்த்துத்தான் வியந்தேன். ஆனால் அங்கே கார்களைச் சுவரில் அடுக்குத் தட்டுகளில் ஏற்றி வைத்ததற்குப் பலரும் குறை சொன்னார்கள், அது நியாயமான குறை என்றே நினைக்கிறேன். எட்டாத உயரத்தில் இருக்கும் காரின் வயிற்றைப் பார்க்கலாமே தவிர, ஸ்டியரிங்கையும் இருக்கையையும் பார்க்க முடியாது. உங்கள் இரண்டாம் தளத்தில் ஆட்டோ ரிக்‌ஷாக்களைத் தொங்கவிடும் யோசனை இருப்பதாக எழுதியிருந்தாய். அதைக் கைவிட்டால் நல்லது.

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயணிகளோடு சேர்த்து 16 டன் வரும் பேருந்தின் எடை ஆறு டயர்களில் பரவி இறங்குகிறது என்று உங்கள் பொறியாளர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள், நிற்கப்போவது வெறும் வண்டி என்பதால் எடையைக் குறைத்தும் இருப்பார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் வண்டி டயரில் நிற்கக் கூடாது. பல மாதம் ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும். ஆகவே அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். அப்போது வண்டியின் முழு எடையும் உள்ளங்கை அகலமுள்ள நான்கு இடங்களில் இறங்கும். வழவழப்பான பெரிய ஓடுகள் பதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வண்டியை ஜாக்கியில் தூக்கும்போதே அவை வெடித்துவிடும். எண்ணெய் ஊறாத கெட்டியான கான்கிரீட் தரை போதும். டீசலை முழுக்க இறக்கி, பேட்டரியைக் கழற்றிய பிறகும் கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் சொட்டத்தான் செய்யும்; அது வடிந்து ஒரே இடத்தில் சேரும்படி தரைக்குச் சிறு வாட்டம் கொடுக்க வேண்டும்.

ஒரு பிட் கட்டாயம் வேண்டும். மற்ற எதை வெட்டினாலும் இதை வெட்ட விடாதே. பேருந்து என்ற ஒன்றைப் பயணிகள் பக்கவாட்டிலிருந்தும் உள்ளேயிருந்தும் பார்த்திருக்கிறார்கள். கீழேயிருந்து பார்த்தவர்கள் பணிமனை ஆட்கள் மட்டுமே. பிரேக் டிரம், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃப்பரன்ஷியல், சேஸிஸ் சட்டம் என்று ஒரு வண்டி எதனால் ஓடுகிறதோ, எதனால் நிற்கிறதோ, அவ்வளவும் அங்கேதான் இருக்கின்றன. படிக்கட்டும் கைப்பிடியும் நல்ல வெளிச்சமும் வைத்து, பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்படி அந்தப் பிட்டை அகலமாகக் கட்டினால், கணினித் திரைகளுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் பாதியை மிச்சப்படுத்தலாம். பக்கத்திலேயே பழுதுபார்க்கும் இடத்தைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். ரிவெட் அடிப்பதையும் தகரம் தட்டுவதையும் மக்கள் நின்று பார்ப்பார்கள். எங்கள் பணிமனைக் கதவு திறந்திருந்தபோதெல்லாம் வெளியே கூட்டம் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது, வண்டிக்கு எந்த ஆண்டின் பெயிண்ட் அடிப்பது என்ற கேள்வி. இது சின்ன விஷயமாக உனக்குத் தோன்றலாம். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள். 1972-இல் பேருந்துகள் அரசுடைமையானபோது இப்பகுதி மதுரையின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் இருந்தது. 1974 ஜனவரி முதல் நமக்கெனக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-இல் தென் மாவட்டங்களில் ஒரு புதிய கழகத்துக்குச் சூட்டிய பெயரை முன்னிட்டுக் கலவரம் மூண்டு, உயிர்கள் போயின. அதன் பிறகு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு வண்டி, முதலில் ஒரு பெயரோடும் பிறகு அந்தப் பெயரைச் சுரண்டிய பக்கத்தோடும் இதே சாலைகளில் ஓடியிருக்கிறது. அதைப் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தினால், அந்தப் பக்கத்தில் நடந்ததெல்லாம் மறைந்துபோகும். ஆகவே ஒரு வண்டிக்கும் முழுப் பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். ஓரிடத்தில் கையகலத்துக்கு அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்து, எந்த நிறத்தின் கீழே எந்த நிறம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தச் சதுரத்தை அப்படியே பார்வைக்கு விட்டுவிடலாம். சுத்தம் செய்து, துருவை நிறுத்தினால் போதும். உங்கள் ஊர்க் கடற்காற்றுக்குத் துருவை நிறுத்துவதே பெரிய வேலை. கூடத்தின் ஈரப்பதத்தை ஏறவிடாத ஏற்பாட்டுக்கு எவ்வளவு செலவானாலும் அது வீண் செலவாகாது.

பயணச்சீட்டு, கண்டக்டர் சீட்டுக் கணக்கு எழுதும் வே பில், அவருடைய தோல்பை, விசில், தடப்பலகை ஆகியவற்றுக்கு ஒரு சிறிய அறை ஒதுக்கியிருப்பது நல்லது. அந்த அறைக்குச் சன்னல் வேண்டாம். தாளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்று அருங்காட்சியகத்தார் கணக்கு வைத்திருக்கிறார்கள்; மெல்லிய நிறத்தாளில் அச்சிட்ட நம் டிக்கெட்டுகள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

இன்னொன்று, நகரப் போக்குவரத்து என்றால் வண்டி மட்டுமன்று. நம் ஊர் ஈரடுக்கு மேம்பாலத்தை நினைத்துப் பார். 1973-இல் திறந்த அந்தப் பாலத்தில் மேலே பேருந்தும் லாரியும் போக, சைக்கிளும் சிறு வண்டிகளும் கீழடுக்கில் போகும்படி பிரித்தார்கள். மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவைத் தமிழ்நாட்டில் ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்ததும் அதே ஆண்டுதான். யார் எந்தப் பாதையில், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று ஒரு நகரம் எடுக்கும் முடிவுகள் பாலத்திலும் தண்டவாளத்திலும்தான் இருக்கின்றன. 1876-இல் நமக்கு ரயில் வந்தது மீட்டர் பாதையில். 1981-இல் நாகர்கோவிலிலிருந்து வந்தது அகலப்பாதை. அப்போது இரண்டும் ஒரே நிலையத்தில் நின்றும் ஒன்றின் பெட்டி மற்றதில் ஏற முடியவில்லை. 1000 மில்லிமீட்டர் தண்டவாளத்தையும் 1676 மில்லிமீட்டர் தண்டவாளத்தையும் உங்கள் தரையில் பக்கம் பக்கமாகப் பதித்துவிட்டால், ஒரு பிள்ளை கால் வைத்து அளந்தே மூட்டையோடு வண்டி மாறிய சிரமத்தைப் புரிந்துகொள்ளும். 1843-இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் தாமிரபரணியின் குறுக்கே பாலம் கட்டியதால்தான் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே பரிசல் ஓட்டம் நின்றது. உங்கள் நகரத்திலும் அப்படி ஒரு பாலமோ தடமோ இருக்கும். அதைத் தேடி, மாதிரி வடிவத்தைக் கூடத்தின் நடுவில் வையுங்கள்.

வண்டிக்குள் ஏறி உட்கார விடுவார்களா என்று உன் அம்மா கேட்கிறாள். பழைய வண்டியில் எல்லாரையும் ஏற்றினால் இருக்கை ஒரு வருடம் தாங்காது. ஆகவே அரிதல்லாத ஒரு வண்டியை அதற்கென்றே ஒதுக்கி, படி ஏற முடியாதவர்களுக்காக அதன் தளத்தின் உயரத்துக்கு ஒரு சாய்தளமும் கட்டிவிடலாம். அந்த வண்டியில் மணிக்கயிறு அறுந்தால் மாற்றிக்கொள்ள நான்கைந்து கயிறுகள் கையிருப்பில் இருக்கட்டும். முதல் வாரத்திலேயே அறுப்பார்கள்.

தரையின் சுமைக் கணக்கையும், பிட்டின் குறுக்குவெட்டுப் படத்தையும் தயாரானதும் அனுப்பு. மேற்கு வாசல் விஷயத்தில் உங்கள் மேலாளர் செலவைக் காரணம் காட்டினால், மடக்குக் கதவுக்கு எவ்வளவு ஆகும் என்று கோவையில் இருக்கும் உன் சித்தப்பாவிடம் விலை விசாரித்துச் சொல்லச் சொல்கிறேன். அவருக்கு அந்தத் தொழிலில் ஆட்கள் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா