சிங்கமுகத்து ஆத்தாளும் எங்கள் ஊர்க் கம்பமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், மேல்நாட்டில் பழைய எகிப்துத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. சிங்கத்தலைச் சிலைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் மெழுகுவத்தி ஏற்றுகிற படம், அதற்கு மேலே ‘பொழுது போகாதவர்களின் வினோதம்’ என்று தலைப்பு. டீக்கடையில் ஓசிப் பேப்பர் படித்த காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன், இதுவரை கடிதம் எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அப்படிக் கும்பிடுகிற ஒருவரை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கப்பல் ஏறுகிற வரை பார்த்துக்கொள்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்பு லண்டன் பையர் ஒருவரின் ஆபீசிலிருந்து சரக்கைப் பார்க்க ஒரு அம்மா வந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும். ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தோம், காரணம் பனியனின் கழுத்துப் பட்டை (ரிப்) அரை இஞ்ச் கூடுதலாக இருந்தது எங்களுக்கே தெரியும். டேப்பை வைத்து மூன்றாவது பீஸை அளந்தபோதே அவர் முகம் சிவந்துவிட்டது, அட்டைப்பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தார், சரி, ஷிப்மென்ட் போச்சு என்று நினைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று, கழுத்தில் தொங்கிய டாலரை விரலால் பிடித்துக்கொண்டு, பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்து, மீதியைத் தரையில் மெதுவாக ஊற்றினார். உள்ளே வந்து எந்த லாட் தேறும், எது தேறாது என்று நிதானமாகப் பிரித்துச் சொன்னார். பாதிச் சரக்கு தப்பித்தது.

சாப்பாட்டு நேரத்தில் அந்த டாலரைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஊர் காங்கேயம் பக்கம், படியூர்ப் பச்சைக்கல்லின் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் முதலில் கண்ணில் பட்டது அதன் பச்சைநீல நிறம்தான். கல் இல்லையாம், மணற்பொடியைக் குழைத்துச் சுட்டு மேலே பளபளப்பு ஏற்றுகிற பழைய எகிப்து வேலையாம். பெண்ணுடம்பு, பெண்சிங்கத்தின் தலை, அதற்கு மேல் சூரிய வட்டம். பெயர் செக்மெட். “நான் ஒரு பேகன்” என்றார். மயிலுக்குப் போர்வை கொடுத்த நம்ம பழனிமலைப் பேகன்தான் எனக்கு ஞாபகம் வந்தது, கொஞ்சம் முழித்தேன். அப்புறம் அவரே விளக்கினார். லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று அர்த்தமாம். நம் பாஷையில் சொன்னால் பட்டிக்காட்டான். கிறிஸ்தவம் நகரங்களில் பரவியபோது பழைய சாமிகளை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு அதையே விரும்பிச் சூட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்குமா பொழுது போகவில்லை?

செக்மெட் கதையை உங்கள் கட்டுரையாளர் ஒரு வரியில், அதுவும் ‘ரத்தவெறி பிடித்த தெய்வம்’ என்று முடித்துவிட்டார். அது நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து சொல்லவேண்டிய கதை. சூரிய சாமி ராவுக்கு வயதாகிவிட்டது, மனுஷர்கள் அவரை மதிக்காமல் சதி செய்கிறார்கள். ரா தன் கண்ணையே பெண்ணாக்கி அனுப்புகிறார். போகும்போது அவள் ஹாத்தோர், இதமான தெய்வம். பாலைவனத்தில் வெட்ட ஆரம்பித்ததும் அது அவளுக்குப் பிடித்துப்போகிறது, அங்கேதான் செக்மெட் ஆகிறாள், வல்லமை உள்ளவள் என்று பொருள். ராவுக்கு ராத்திரி மனசு மாறிவிட்டது, இருக்கிற ஜனமெல்லாம் போய்விட்டால் யாரை ஆள்வது? ஆனால் ‘போதும், வா’ என்று கூப்பிட்டால் நிற்கிற நிலையில் அவள் இல்லை. அதனால் விடிவதற்குள் வாற்கோதுமையில் பீர் காய்ச்சி, செங்காவியைக் கலந்து, 7,000 ஜாடி நிறைய ரத்தம் மாதிரி ஆக்கி, வயல்களில் ஊற்றிவிடுகிறார்கள். காலையில் அவள் வந்து குனிந்து பார்க்கிறாள், அந்தச் சிவப்பில் அவள் முகம் தெரிகிறது, அழகாக இருக்கிறது. குடிக்கிறாள். வயிறு முட்டக் குடித்துவிட்டு, யாரை வெட்ட வந்தோம் என்பதே மறந்து திரும்பிப் போகிறாள். எகிப்து அரசன் துட்டன்காமன் கல்லறையில் இருந்த தங்கத்தகடு போர்த்திய பெட்டகத்திலும், இன்னொரு அரசன் முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவரிலும் இந்தக் கதை எழுதியிருக்கிறது, 3,300 வருஷத்துக் கதை.

அந்த அம்மாவின் தாயார் முதியோர் இல்லத்தில் இருந்தபோது கொரோனா வந்து இறந்துபோனார். உள்ளே விடவில்லை, சவ அடக்கத்தைக் கூட ஃபோனில்தான் பார்த்தாராம். அதற்கப்புறம் ஒரு வருஷம் அரசாங்கத்தின் மேல், நர்ஸ்கள் மேல், கூடப்பிறந்த தங்கையின் மேல் ஆத்திரம். தெரிந்தவர்கள் எல்லோரும் மன்னிச்சுடு, மறந்துடு என்றார்கள். ஒருநாள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் அமென்ஹோத்தெப் என்ற அரசன் நூற்றுக்கணக்கில் செய்துவைத்த செக்மெட் கருங்கல் சிலைகளில் பல அங்கே இருக்கின்றன. “கோபமே படாதே என்று சொல்லாத ஒரு முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்” என்றார். அவர் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: கோபம் நியாயமாகவே தொடங்கலாம், ஆனால் எங்கே நிற்பது என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதனால் நிறுத்துகிற வழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கவேண்டும், ஜாடி நிறைந்திருக்கவேண்டும். வீட்டு அலமாரியில் ஒரு சாண் உயரச் சிலை, சிவப்புத் துணி, வெள்ளிக்கிழமையானால் ஒரு டம்ளர் பீர். அவ்வளவுதான் அவர் பூஜை. வேப்பமரத்தடியில் தண்ணீரை ஊற்றியதும் அதே கணக்குத்தான்.

அது பங்குனி மாதம், எங்கள் ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, அதாவது திருவிழா தொடங்கி, இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, வருகிறீர்களா என்றேன், வந்துவிட்டார். கம்பம் என்றால் உங்கள் சென்னை வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்று கிளையாகப் பிரிகிற மரத்தை வெட்டிவந்து கோயிலுக்கு முன்னால் நடுவோம், அதுதான் ஆத்தாளுக்குப் புருஷன் என்பது ஐதீகம். ராத்திரி அதன் தலையில் நெருப்புச்சட்டியை ஏற்றிவைத்து, தப்பட்டை அடிக்க, பையன்கள் சுற்றிவந்து ஆடுவார்கள். விடியக்காலையில் பெண்கள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். ராத்திரி நெருப்பு, காலையில் தண்ணீர், திருவிழா முடிகிற வரைக்கும் இப்படித்தான். பங்குனி வெயிலும், அந்தக் காலத்தில் அதோடு வந்த அம்மையும் ஆத்தாளின் சூடு, ஊரே சேர்ந்து அதைத் தணிக்கவேண்டும். “அம்மிணி, தண்ணி சில்லுனு இருக்கும், பயந்துக்காத” என்று என் அம்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தை அவர் இடுப்பில் வைத்துவிட்டார். அவருக்கு இடுப்பில் குடம் நிற்கவில்லை, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டே நடந்தார், பாதித் தண்ணீர் கால்சட்டையில் போய்விட்டது, மீதியைக் கம்பத்தடியில் ஊற்றிவிட்டு அழுதார்.

பீர் விஷயத்தை அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். “இதிலென்ன கண்ணு இருக்குது, நம்ம கருப்பராயனுக்கு நாம சாராயம் வெக்கறதில்லியா? அந்தூர்ல ஆத்தாளுக்கே வெக்கறாங்களாட்ட இருக்குது” என்று முடித்துவிட்டார். உங்கள் கட்டுரையாளர் அரைப்பக்கத்தில் புரிந்துகொள்ளாததை அம்மா முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டே புரிந்துகொண்டார்.

செக்மெட்டைப் பற்றி இன்னொன்று, கட்டுரையில் இல்லாதது. நோயை அனுப்புகிறவளும் அவளே, தீர்க்கிறவளும் அவளே. கொள்ளைநோயை அவள் அனுப்பிய தூதர்கள், அவள் எய்த அம்புகள் என்று எகிப்தியர்கள் நம்பினார்கள். வருஷக் கடைசியில் மாதக் கணக்கில் சேராத ஐந்து நாட்கள் அவர்களுக்குப் பயமான நாட்கள், தாயத்துக் கட்டிக்கொள்வார்கள். அவளுடைய பூசாரிகள் வைத்தியமும் பார்த்தார்கள். எபர்ஸ் பாப்பிரஸ் என்கிற பழைய மருத்துவச் சுவடியில், நாடி பார்க்கிற இடத்தில், வைத்தியரையும் செக்மெட் பூசாரியையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. பலிக்கு வந்த மாடு சுத்தமானதா என்று பார்த்துச் சொல்வதும் அவர்கள் வேலை. கண்ணபுரத்தில் மாரியம்மன் தேரையொட்டிக் காங்கேயம் மாடுகளைச் சுழி பார்த்து, பல் பார்த்து வாங்கி விற்கிற எங்களுக்கு, ஆத்தாளும் மாடும் ஒரே இடத்தில் இருப்பது ஒன்றும் புதிதில்லை.

சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது ‘அம்மா வந்திருக்கா’ என்றுதான் வீட்டில் சொன்னார்கள், நோய் என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் வேப்பங்கொத்து, அடுப்பில் தாளிப்புக் கிடையாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே விட்டார்கள். கோவையில் பிளேக் வந்த காலத்தில் மாரியம்மனே பிளேக் மாரியம்மன் ஆனாள், அந்தக் கோயில் இன்றைக்கும் இருக்கிறது. 2021இல் இருகூர் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது நாடே சிரித்தது. நானும் சிரித்தேன், தடுப்பூசியையும் போட்டுக்கொண்டேன். ஆனால் லண்டனில் கொரோனாவில் அம்மாவைப் பறிகொடுத்த ஒருத்தி கொள்ளைநோய்த் தெய்வத்தின் காலடியில் போய் உட்கார்ந்ததைக் கேட்ட பிறகு, அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.

அதற்காக எல்லாம் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய செக்மெட் மனசுக்குள்ளே இருக்கிறவள், தன் ஆத்திரத்துக்கு அவர் வைத்த முகம். இதை அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவருக்குப் பிடிபடவே இல்லை. “ஆத்தா நெஞ்சுக்குள்ளயா இருக்கறா? வெய்யில்ல இருக்கறா, கண்ணு” என்றார். எகிப்தியர்களும் அம்மா பக்கம்தான் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கும் அவள் வெயிலில் இருந்தாள், காய்ச்சலில் இருந்தாள், அரசனுடைய படையில் இருந்தாள். இன்னொரு குறை, அந்த அம்மாவுக்குப் பூச்சாட்ட ஊர் இல்லை. பூசாரி யார் என்று கேட்டேன், நானேதான் என்றார். கூடத் தண்ணீர் ஊற்ற யாரும் இல்லை. வழிபாடு நடுவில் அறுந்துபோனது. நாள் தெரிந்த கடைசி எகிப்தியச் சித்திர எழுத்துக் கல்வெட்டு நைல் நதியின் ஃபிலே தீவில் கி.பி. 394இல் வெட்டியது, அதே தீவின் கோயிலையும் ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜஸ்டினியன் மூடவைத்தான். அதற்கப்புறம் யாருக்கும் சொல்லிக்கொடுக்கப் பாட்டி இல்லை, புத்தகத்தைப் பார்த்துத்தான் கும்பிடவேண்டியிருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கிறது, ஆனால் வினோதமாக இல்லை.

கட்டுரை வந்த அன்றைக்கே எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் ‘செக்மெட்தான் சக்தி, தமிழன் கொண்டுபோன தெய்வம்’ என்று ஒரு மாமா போட, நாற்பது பேர் கைகூப்பினார்கள். மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அது காது கேட்கிற ஒற்றுமை, அவ்வளவுதான். சக்தி வடமொழிச் சொல், செக்மெட் எகிப்தியச் சொல், இரண்டும் வேறு வேறு குடும்பம். எகிப்துக்குத் தமிழன் போனது உண்மை. அங்கே செங்கடல் கரையில் பழைய துறைமுகமான குசேர் அல் கதீமில், பழந்தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கவிடுகிற பானை) என்று கீறிய ஜாடி ஓடு கிடைத்திருக்கிறது, நம் சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் அந்தக் காலத்தில் மணி கோத்தவர்களின் சரக்கும் மேற்கே கப்பல் ஏறியிருக்கும். ஆனால் அதெல்லாம் ரோமர் காலம், அதற்கு ஆயிரம் வருஷம் முன்பே செக்மெட் கருங்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஆத்தாளை ஏற்றுமதி செய்யவேண்டாம், பனியன் போதும்.

கடைசியாக ஒரு திருத்தம். படத்துக்குக் கீழே ‘எகிப்தின் பூனைத் தெய்வம் பாஸ்டெட்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். பாஸ்டெட்டுக்கும் தொடக்கத்தில் சிங்கமுகம் உண்டுதான், ஆனால் பூனையாக அறியப்பட்டவள் சாந்தமானவள். கோபத்தில் செக்மெட், தணிந்தால் பாஸ்டெட் என்று ஃபிலே கோயிலிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் போட்ட படத்தில் இருப்பது பெண்சிங்கம், தலையில் சூரிய வட்டம், அது செக்மெட். வரும் ஞாயிறு ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள், அந்த அம்மாவுக்குப் படம் பிடித்து அனுப்பவேண்டும். தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் சிலையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்,
திருப்பூர்