வேட்டை பங்களா விற்பனையும் ஏரியின் எல்லைக் கல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நிலம், மனை விளம்பரப் பக்கத்தில், கடலூர் வட்டத்தில் ஏரியை ஒட்டியுள்ள ‘வெள்ளைக்காரர் காலத்து வேட்டை, மீன்பிடி எஸ்டேட்’ ஒன்று மொத்தமாக விற்பனைக்கு வந்திருப்பதாக வெளியான அறிவிப்பைப் படித்தேன். 100 ஏக்கருக்கு மேற்பட்ட தோப்பும் நஞ்சையும், தேக்கு உத்தரம் போட்ட பங்களா, குதிரை லாயம், படகுத்துறை, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் மான் கொம்புகள் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஏரியும் அதன் மீன் வளமும் பறவைகளும் வாங்குபவருக்குக் கூடுதல் சிறப்பு என்று முடித்திருந்தார்கள். நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், 1980களில் அந்த இடத்தைச் சங்கிலி பிடித்து அளந்தவர்களில் ஒருவன் என்ற முறையிலும், அந்தக் கடைசி வரியைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பங்களாவையும் தோப்பையும் விற்பது உரிமையாளரின் விருப்பம். வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், ஓடு மாற்றவே ஆள் கிடைப்பதில்லை, தோப்பைக் காவல் காக்கும் செலவு தேங்காய் விற்ற காசில் அடங்குவதில்லை. விற்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டே தவிர, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏரி அவர்களுடையது அன்று. அதில் நீந்தும் விராலும் கெண்டையும், ஐப்பசி மழைக்குப் பிறகு வந்து இறங்கும் சிறகியும் உள்ளானும் எந்தப் பட்டாவிலும் அடங்கியவை அல்ல. தமக்கு உரிமையில்லாத ஒன்றைச் சிறப்பு என்ற பெயரில் விலையோடு சேர்த்துக் காட்டுவது, வாங்குபவரையும் ஊரையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவதாகும்.

பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு அதில் வரும் ஒரு வாசகம் நினைவிருக்கும். நான்கெல்லையைச் சொல்லி முடித்ததும், அதற்குட்பட்ட நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் அஷ்ட போகங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுவார்கள். புதையலும் கல்லும் கூட இந்தப் பட்டியலில் உண்டு. இனி விளையப் போவதும் உண்டு. ஜலம் என்பது நான்கெல்லைக்குள் இருக்கும் கிணற்றையும் குட்டையையும் குறிக்குமே ஒழிய, எல்லைக்கு வெளியே கிடக்கும் ஏரியைக் குறிக்காது. அக்காலத்துப் பத்திர எழுத்தர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. அதனால்தான் பக்கத்தில் இருப்பது ஏரியானால், ‘ஏரி உள்வாய்க்கு மேற்கு’ என்று, தண்ணீர் பரவி நிற்கும் ஏரியின் உட்பகுதியை எல்லையாக மட்டும் குறித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

‘எஸ்டேட்’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வழங்கும் பொருளில் இன்று அதைப் பயன்படுத்துகிறோம். சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் அந்தச் சொல் ஜமீனையும் இனாம் கிராமத்தையும் குறித்தது. கடலூர் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், உழவர் நேராக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி நிலங்களே மிகுதி, ஜமீன்கள் குறைவு. இருந்தும் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். அரசிடம் வந்து சேர்பவை எவை என்று அது சொல்லும்போது, புறம்போக்கு, தரிசு, காடு, ஆறு, ஓடை, ஏரி, ஊருணி ஆகியவற்றோடு மீன்பிடி உரிமையையும் ஓடத்துறை உரிமையையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஜமீன்தார்களின் கையிலேயே மீன்பிடி உரிமையை விட்டுவைக்காத நாட்டில், தோப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர் அதை விளம்பரத்தில் போட்டு விற்கிறார். நம் ஊரில் ஏரி மீனுக்கு மீன் பாசி ஏலம் என்ற நடைமுறை இருக்கிறது. நீர்வளத் துறையோ மீன்வளத் துறையோ ஊராட்சியோ, எந்த ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்கள் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவர் குத்தகைக் காலம் வரை வலை போடுவார். பங்களாவின் படகுத்துறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதால் எவருக்கும் அதில் பங்கு வந்துவிடாது. அந்தப் படகுத்துறையே யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நான் ஓரளவு பதில் சொல்ல முடியும். நாங்கள் அளக்கப் போனது கோடையில். ஏரி வற்றி, உள்வாயில் வெள்ளரியும் கம்பும் போட்டிருந்தார்கள். தோப்புக்கும் உள்வாய்க்கும் இடையே இருக்க வேண்டிய எல்லைக் கற்களைப் புலப்படத்தின்படி தேடினோம். தென்பக்கத்தில் இரண்டு கல் கிடைக்கவில்லை. தோப்பின் காவற்காரர், பெரியவர், எங்களுக்கு நீராகாரம் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, தாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வேலி கற்றாழைப் புதரோடு நின்றது, பிறகு கம்பி வேலி போட்டபோது ‘கொஞ்சம் தள்ளி’ப் போட்டார்கள் என்று வெள்ளந்தியாகச் சொன்னார். அந்தக் ‘கொஞ்சம்’ எங்கள் சங்கிலிக்கு ஓர் ஏக்கருக்கு மேல் வந்தது. அறிக்கை எழுதிக் கொடுத்தோம். கோப்பு மேலே போனது, பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் வேறு வட்டத்துக்கு மாற்றலாகிவிட்டேன். இன்று விளம்பரத்தில் காட்டும் படகுத்துறையும் அதைச் சுற்றிய புல்வெளியும் அந்தத் தென்பக்கத்தில்தான் இருக்கின்றன.

வேட்டை என்ற சொல்லைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதிகாரிகளும் அவர்களுடைய விருந்தாளிகளும் மார்கழி, தை மாதங்களில் வந்து தங்கி, நெல் வயலில் உள்ளானையும் ஏரியில் சிறகியையும் சுட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கிக்கொண்டு சுடுவதற்கு அதில் எஞ்சியிருந்த வழியும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடைபட்டது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டுமன்று. கண்ணி வைத்துப் பிடிப்பதும், பறவையின் முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் கூட வேட்டைதான். ஏரிக்கரையில் ஓய்வு விடுதி கட்டப் போகிறவர் கருவேல மரங்களை வெட்டும்போது, கொக்கும் மடையானும் அதில் கூடு வைத்திருந்தால், அவரும் இந்தக் கணக்கில் வந்துவிடலாம் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

கூடத்துச் சுவரில் இருக்கும் மான் கொம்புகளின் கதையும் இதுவே. முன்னோர் வேட்டையாடியவற்றை வைத்திருப்பவர்கள் அவற்றை அரசுக்குத் தெரிவித்து உடைமைச் சான்று பெற்றிருக்க வேண்டும். தவறியவர்களுக்கு 2003ஆம் ஆண்டு விதிகளில் 180 நாள் தவணையும் தந்தார்கள். சான்று இருந்தாலும் அவற்றை விலைக்கு விற்பதும் விற்பதாகச் சொல்வதும் அந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி கூடாது. பங்களாவோடு கொம்பையும் சேர்த்து விளம்பரம் செய்தவர் இதை அறியாமல் செய்திருப்பார் என்றே நம்புகிறேன்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2016ஆம் ஆண்டு புதுச்சேரியில் இருளர் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களும் அதே பதிவில் இடம்பெற்றன. வேட்டைக்காரன் என்பதையே இனப் பெயராகக் கொண்டவர்கள் நம் பக்கத்தில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று பசிக்கு ஒரு பறவையைப் பிடித்தால் வழக்கு வரும். சட்டம் அப்படித்தான், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதே வேட்டையை ஒரு பங்களாவின் வரலாற்றுச் சிறப்பாக அச்சிட்டு, விலையை ஏற்றுவதற்குப் பயன்படுத்தும்போது நாம் ரசித்துப் படிக்கிறோம்.

துப்பாக்கிக்கும் நிலக் கிரயத்துக்கும் கடலூரில் இருக்கும் உறவு பழையது. 1690இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையிலான நிலமும் அந்த விலையில் அடக்கம் என்பது ஒப்பந்தம். பீரங்கியை எவ்வளவு திறமையாக நிரப்பிச் சுட்டு, எவ்வளவு தூரத்தில் குண்டை விழச் செய்ய முடியுமோ அது சுடுபவனின் சாமர்த்தியம் என்று கம்பெனி அதிகாரிகளே எழுதி அனுப்பினார்கள். நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரைக்கும் இருந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அளவை வேலையில் இருந்தவனுக்கு இதைவிடக் கசப்பான வேடிக்கை கிடையாது. அந்த ஊர்களின் மக்களை யாரும் கேட்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். ஏரிக்குள் கொஞ்சம் தள்ளி வேலி போட்டவருக்கு அந்தப் பீரங்கிகூடத் தேவைப்படவில்லை.

வாங்கப் போகிறவர் முதலில் செய்வது சுற்றுச்சுவர் எழுப்புவதாகத்தான் இருக்கும். என் தங்கை புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகன் பிரான்சில் ஓர்லெயான் நகரில் இருக்கிறான். அதற்குத் தெற்கே சொலோன் என்று குளங்களும் காடுகளும் நிறைந்த பகுதி, வேட்டை எஸ்டேட்டுகளுக்குப் பேர்போனது. பிரபுக்களுக்கு மட்டும் இருந்த வேட்டை உரிமையை 1789 ஆகஸ்டில் புரட்சிக்காரர்கள் ஒழித்தார்கள். அதற்குப் பிறகு நிலம் வைத்திருப்பவர் எவரும் தம் நிலத்தில் வேட்டையாடலாம் என்று ஆனது. பணம் உள்ளவர்கள் நிலத்தை வாங்கி, பன்றியும் மானும் வெளியே போகாதபடி ஆள் உயரத்துக்கும் மேலாகக் கம்பி வலையால் அடைத்தார்கள். காட்டுப் பாதைகள் மறைந்தன, விலங்குகள் நடமாட முடியவில்லை என்று மக்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2023 பிப்ரவரியில் அங்கே ஒரு சட்டம் வந்தது. காட்டுப் பகுதிகளில் வேலி 1.20 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அமைய வேண்டும், கடந்த 30 ஆண்டுகளில் போட்ட வேலிகளையும் 2027 தொடக்கத்துக்குள் அப்படி மாற்றியாக வேண்டும் என்கிறது அது. தனியார் நிலத்தின் மேலேயே அந்த நாடு இவ்வளவு சொல்லியிருக்கிறது. இங்கே நான் பேசுவது தனியார் நிலத்தைக் கூட அன்று; அதன் ஊடாகச் செல்லும் வரத்து வாய்க்காலையும், மதகுக்குப் போகும் வண்டிப் பாதையையும் பற்றி. சுவர் வந்தால் இரண்டும் உள்ளே போய்விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் பெண்ணையாற்றில் கரை புரண்டு, பாகூர் பக்கத்து ஊர்களையும் கடலூரின் தாழ்வான இடங்களையும் மூழ்கடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் பரவி நிற்கவும் வடியவும் இடம் விட்ட பழைய உள்வாய்களில் கருங்கல் சுவர் எழுப்பினால், அடுத்த முறை அது யார் வீட்டுக்குள் போகும் என்பதைத் தெருவில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

மாவட்ட ஆட்சியர் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றும் புதிதன்று. நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, வரைபடமும் பதிவேடும் தயாரித்து, ஊர் அறிய வெளியிட வேண்டும் என்று தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007ஆம் ஆண்டு முதலே சொல்கிறது. கிரயம் நடப்பதற்கு முன்பே வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து அந்த ஏரியை அளந்து, காணாமற்போன கற்களை நட்டுவிட்டால், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி ஏரிப் புறம்போக்குக்குள் வரும் பகுதியைப் பத்திரத்தில் சேர்க்க முடியாது என்று சார்பதிவாளர் மறுப்பதற்கு ஆதாரம் கிடைக்கும். கிரயம் முடிந்து, பெயர் மாறி, சுவரும் எழும்பிவிட்ட பிறகு அளந்தால், அது நீதிமன்றத்தில் இருபது ஆண்டு கிடக்கும். வாங்குபவரும் தம் பங்குக்குப் பத்திரத்தில் வரத்து வாய்க்காலும் வண்டிப் பாதையும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்கு 15 திட்ட ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்று 1970இல் நில உச்சவரம்பு குறைக்கப்பட்ட மாநிலத்தில் இவ்வளவு நிலம் ஒரே கையில் எப்படி நின்றது என்பதற்குத் தாய்ப்பத்திரத்திலும் வருவாய்ப் பதிவுகளிலும் விடை இருந்தாக வேண்டும். அதைக் கேட்காமல் முன்பணம் கொடுப்பவரின் துணிச்சலை நான் மெச்ச மாட்டேன். தாங்களும் அடுத்த முறை அந்த விளம்பரத்தை ஏற்கும்போது கடைசி வரியை நீக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

அளவை நடக்கும் நாளைத் தெரிவித்தால் நானும் வந்து நிற்கத் தயாராக இருக்கிறேன். முழங்கால் வலி இருந்தாலும் கரை வரை நடந்துவிடுவேன். கிடைக்காத இரண்டு கற்களில் மேற்கே இருந்தது, பழைய மதகுக்கு நேர் வடக்கே, இரட்டைப் பனைக்கும் படகுத்துறைக்கும் நடுவில் இருக்க வேண்டும். பனை இரண்டும் இன்னும் நிற்கின்றன. விளம்பரத்தில் போட்டிருக்கும் படத்திலேயே தெரிகின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.