வாட்டர் சாஃப்ட்னர் பழுது: நான்கு மாதமாகத் தீராத புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வாட்டர் சாஃப்ட்னரைச் சரிசெய்து தரவும், இழப்பீடு வழங்கவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாம்பரம் சேலையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு, சென்ற தை மாதம் 38,500 ரூபாய் கொடுத்து கடினத் தண்ணீரை மென்மையாக்கும் உங்கள் நிறுவனத்தின் வாட்டர் சாஃப்ட்னரை வாங்கிப் பொருத்தினோம். சித்திரை முடிவதற்குள் குழாயில் பழையபடி கடினத் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. அன்று முதல் 14 முறை தொலைபேசியில் அழைத்தும், மூன்று முறை உங்கள் ஆட்கள் வந்து போயும், நானே அம்பத்தூர் வரை அலைந்தும் குறை தீராததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உங்கள் கருவியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பதே வேதனை. தொட்டியில் கொட்டிய உப்பு இரண்டு மாதமாக ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. உப்பு குறையவில்லை என்றால் உப்புக் கரைசல் கருவிக்குள் இருக்கும் ரெசின் மணிகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றும், ரெசின் பிடித்து வைத்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கழுவப்படாமல் அங்கேயே தங்கிவிட்டன என்றும்தானே பொருள்? முதலில் வந்த உங்கள் ஆள் உப்புத் தொட்டியின் மூடியைக் கூடத் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து, தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, 1,180 காட்டுகிறது, தண்ணீரே மோசம், ஆர்.ஓ. போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர, டிடிஎஸ்ஸைக் குறைப்பதில்லை. அதைக் குறைக்கும் என்று உங்கள் விற்பனையாளரும் சொல்லவில்லை. பொருத்திய அன்று அவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது போர் தண்ணீரின் கடினத்தன்மை 640 பிபிஎம், சாஃப்ட்னரைத் தாண்டிய பிறகு 40. குடிநீருக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் கூட இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கும் உச்ச அளவு 600தான். அந்தச் சோதனையை அதற்குப் பிறகு உங்களில் ஒருவரும் செய்யவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்பதாவது முறை அழைத்தபோது பேசிய உங்கள் ஊழியர், உப்பு இறங்காததை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, "அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். இந்த வீட்டின் மோட்டாரையும் தொட்டியையும் 22 ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவள் நான். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவைத் தயவுசெய்து தாங்களே ஒரு முறை கேளுங்கள்.

அதே நபர்தான், மேலே உள்ள வால்வுத் தலையைக் கழற்றி அம்பத்தூர் சேவை மையத்துக்குக் கொண்டுவரச் சொன்னவர். பிளம்பருக்கு 500 ரூபாய் கொடுத்துக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, புடவையெல்லாம் தண்ணீர் சொட்ட ஆட்டோவில் போய் இறங்கினால், அது சேவை மையமே இல்லை, குடோன் என்று காவலாளி சொல்கிறார். நல்ல மனிதர், உட்கார நாற்காலி போட்டுக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சேவை அதுதான்.

தலையைத் திரும்பப் பொருத்த வந்த பிளம்பர்தான் விளக்குமாற்றுக் கட்டையால் உப்பைக் குத்திப் பார்த்தார். மேலே பாறையாக இறுகி, அடியில் வெறும் குகையாக இருந்தது. உடைத்துவிட்ட பிறகும் தொட்டித் தண்ணீர் இறங்காததால், கரைசலை உறிஞ்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கும் என்கிறார். தொலைபேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயம் இது!

இன்னொன்றை விட்டுவிட்டேன். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கருவியின் கடிகாரம் பின்தங்குகிறது. இரவு 2 மணிக்கு நடக்க வேண்டிய ரீஜெனரேஷன் (உப்புக் கரைசலால் ரெசினைக் கழுவும் வேலை) காலை 8 மணிக்கு நடக்கிறது; எல்லோரும் குளிக்கும் அந்த நேரத்தில் போர் தண்ணீர் நேராக வருகிறது. இதையும் நான்கு முறை சொல்லியாயிற்று.

கீசரின் சூடேற்றும் காயிலை இரண்டு முறை மாற்றியாயிற்று, துணி துவைக்கும் இயந்திரம் உயிரை விட்டுவிட்டது, பருப்பு வேகவில்லை, மருமகளின் தலைமுடி பாதியாகிவிட்டது. ரசீது இருப்பவை 11,200 ரூபாய்க்குத்தான் என்றாலும், எங்கள் இழப்பு ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பதே என் கணக்கு.

தங்கள் மீது தனிப்பட்ட முறையில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 15 நாட்களுக்குள் இன்ஜெக்டரை மாற்றி, கடிகாரத்தைச் சரிசெய்து, உத்தரவாதக் காலத்தை நான்கு மாதம் நீட்டித்து, இழப்பீடும் வழங்கி, அந்த ஊழியரிடமிருந்து எழுத்துமூலம் மன்னிப்பும் பெற்றுத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வதுடன், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. விசாரித்து வைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்பினால் காலை 10 மணிக்குப் பிறகு அனுப்பவும். கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லவும். டிடிஎஸ் மீட்டர் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சேலையூர்

இணைப்பு: விலைப்பட்டியல், உத்தரவாத அட்டை, பிளம்பர் மற்றும் கீசர் ரசீதுகளின் நகல்கள்