குழாயடிக் காக்காய்க்காக ஒரு கடிதம்

அன்புள்ள மணி,

குழாயடி மரத்தில் கூடு கட்டிய காக்காய் உன் தலையில் கொத்துகிறது, என்ன செய்ய என்று நீ கேட்டதற்குப் பதில் போடாமல் மூன்று வாரம் இழுத்தது தப்புதான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கூட்டைக் கலைக்க நீ தொரட்டி தேடுவதாகத் தங்கச்சி சொன்னதும் பதறிப்போய் எழுதுகிறேன். கூட்டைத் தொடாதே.

கலைத்தால் காக்காய் ஊரை விட்டா போகும்? அடுத்த கிளையில் மறுபடி சுள்ளி அடுக்கும். முட்டையிட்டு 16, 17 நாள் அடைகாக்கும், குஞ்சு பறக்க இன்னும் 3, 4 வாரம். முடியப்போகிற தொல்லையை முதலிலிருந்து தொடங்கிவைப்பாய். சித்திரைப் பிறப்பில் அடை உட்கார்ந்தது என்ற உன் கணக்கு சரியானால் (பத்தாம் வகுப்புக் கணக்கு மாதிரி இல்லையே?) வைகாசி கடைசிக்குள் அடங்கிவிடும்.

அது குறிவைப்பது பின்னந்தலையை. குழாயடிக்குப் போனால் குடையை விரி. ஆமாம், நீதான், குடையை. துணி காயப்போடும் கொடியை மரத்தை விட்டுத் தள்ளிக் கட்டு. கல்லெடுக்காதே. முகம் மறக்காத ஜாதி அது. 2006இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆராய்ச்சியாளர்கள் முகமூடி போட்டுக்கொண்டு காக்காய்களைப் பிடித்தார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டாலே கூச்சல்தான். அங்கே வேறு இனம், ஆனாலும் நம்மூர்க் காக்காயிடம் சோதித்துப் பார்க்காதே.

குஞ்சு கீழே இறங்கும் நாட்கள்தான் மோசம். வால் குட்டை, வாய்க்குள் சிவப்பு, பறக்கத் தெரியாமல் தத்தும். பாவமென்று எடுத்தால் தாய் தகப்பனோடு தெருக் காக்காய் எல்லாம் வரும். பூனை, நாய் இருந்தால் மட்டும் ஒருவர் குடை பிடிக்க, இன்னொருவர் துண்டு போட்டு மூடித் தூக்கி அதே மரத்தின் தாழ்ந்த கிளையில் விடுங்கள்.

கொத்திக் காயமானால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டிடி (தனுர்வாதத் தடுப்பு) ஊசிக்குப் போ. வெறிநாய்க்கடி மாதிரி ஆகுமோ என்று அலறாதே, பறவையால் அது வராது. எனக்கு அம்மாவை நினைத்துத்தான் கவலை. கொத்துவதைவிட, பயந்து ஓடிப் பாசியில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு. ஒரு மாதம் அவர்களுக்குத் தண்ணீர் நீயே பிடித்துக் கொடு.

கிளையை ஆடிக்குப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

கூட்டில் ஒரு குஞ்சு மட்டும் ஒத்துவராத மாதிரி இருந்தால் உடனே எழுது. குயில் குஞ்சாக இருக்கும். அதற்காகவும்தான் அந்தக் காக்காய் உன் மண்டையில் கொத்துகிறது.

உன்,
செல்வம்