மேல மாசி வீதிக்கு ஏணி

வில்லாபுரம், மதுரை.
வைகாசி முதல் வாரம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் சித்திரைத் திருவிழா நெரிசலுக்குள் வந்து மாட்டிக்கொண்டது. அழகர் ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், தசாவதாரம் காட்டி, பூப்பல்லக்கில் ஏறி மலைக்குத் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் தங்கியிருந்த பதினோரு பேரும் அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். இன்றைக்குத்தான் மேசை மேல் அடுக்கியிருந்த பாய் தலையணை எல்லாம் பரணுக்குப் போய், எழுத இடம் கிடைத்திருக்கிறது.

முழங்கால் பரவாயில்லை. படி ஏறும்போது மட்டும் தான் இருப்பதைச் சொல்லிக்கொள்கிறது. உன் தங்கச்சி சுகம். சின்னவனுக்கு வேலை இடமாற்றம் வரும் என்கிறார்கள், இன்னும் தாள் வரவில்லை. இவ்வளவுதான் வீட்டுச் செய்தி. நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கோவையில் உன் பக்கத்து வீட்டுக்காரர் டிவியில் வரும் அந்தச் சனிக்கிழமை நகைச்சுவை நிகழ்ச்சியில் மதுரைக்காரனைக் கேலி செய்யும் துணுக்கைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அரிவாள் இருக்குமாங்க?" என்று கேட்டதாகவும், நீ "தேங்காய் உடைக்க ஒன்று இருக்கிறது" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அரிவாள்மனையையும் கணக்கில் சேர்த்திருக்கலாம். உன் தங்கச்சி கையில் அது இருக்கும்போது நான் அடுப்படிப் பக்கமே போவதில்லை.

நிகழ்ச்சி தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. நாலைந்து பேர் மாற்றி மாற்றி வேடம் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு துணுக்கு நாடகம் நடிக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. ஒரே மாதிரி பேசுகிற இரண்டு பேரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், ஊர் மானம் போய்விட்டது, கலெக்டருக்கு மனுக் கொடுக்கப் போகிறேன் என்று குதித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, அவன் அந்த ஒட்டுமீசையோடு வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேவலப்படுத்தினானா இல்லையா என்று அப்புறம்தான் யோசித்தேன்." இதைவிட நேர்மையான விமர்சனம் எங்கும் வராது.

மூலையில் இருந்த பெரியவருக்கு, எஸ்.வி. சேகர் தூர்தர்ஷனில் நடத்திய 'வண்ணக் கோலங்கள்' போல இனி ஒன்று வராது. மீன் கடைத் தம்பிக்கு, விஜய் டிவியில் சந்தானம் எல்லாம் நடித்த 'லொள்ளு சபா'தான் கடைசி நல்ல நிகழ்ச்சி. அவரவர் மீசை அரும்பிய காலத்தில் எது ஓடியதோ அதுவே அவரவருக்கு நகைச்சுவை. 'லொள்ளு சபா' வந்த புதிதில் என் அப்பா அதைப் பார்த்து, "இது என்ன, கூத்தாடியே இல்லாத கூத்து?" என்று எழுந்து போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தத் தம்பியிடம் அதைச் சொல்லவில்லை. மீன் விலையை ஏற்றிவிடுவான்.

மேலூர் சகலையை உனக்குத் தெரியுமே, கட்டை மீசைக்காரர். அந்த 'மதுரைக்காரன்' துணுக்கை எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தார். வாய் திறக்கவில்லை. மறுவாரம் மீசையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்து நின்றார். என்ன என்று கேட்டால், "வெயில்" என்கிறார்.

மருமகள் கட்சி வேறு. மாமியார், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி என்று மூன்று பேர் சண்டை போடும் துணுக்கு ஒன்று. மூன்று பேரும் சேலை கட்டிய ஆண்கள். அவள் கேட்டாள்: "மாமா, நானும்தான் தினமும் சேலை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன். என்னைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லையே?" எனக்குப் பதில் வரவில்லை. 1980இல் கல்லூரி ஆண்டு விழாவில் உன் அக்காவின் வாடாமல்லி நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறியது யார் என்பது இந்தக் கடிதத்தோடு இருக்கட்டும்.

பேரன் இந்தச் சண்டை எதிலும் சேரவில்லை. துண்டு துண்டாகக் கைபேசியில் வருவதை மட்டும் பார்க்கிறான். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடினால் அவன் கணக்கில் அது சினிமா.

என்னைக் கேட்டால், எனக்கு மானம் போகவில்லை, எரிச்சல்தான் வந்தது. கேலி செய்கிறவன் கேலி செய்யப்படுகிறவனைக் கொஞ்சமாவது பார்த்திருக்க வேண்டாமா? அந்த மதுரைக்காரன் வாயைத் திறந்ததும் "ஏலே" என்கிறான். 'ஏலே' திருநெல்வேலிச் சொத்து. அதைத் தூக்கி வந்து நம் வாயில் வைத்ததைத் திருட்டு வழக்கில்தான் சேர்க்க வேண்டும். அப்புறம் ஜிகர்தண்டாவை மண் கலயத்தில் ஊற்றி, கள் குடிப்பது போல அண்ணாந்து குடித்து, புறங்கையால் வாயைத் துடைக்கிறான். பாலும் கடற்பாசியும் நன்னாரியும் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீமும் போட்டுக் கண்ணாடித் தம்ளரில் கொடுக்கிற பண்டம்! கரண்டி இல்லாமல் அதை முழுவதும் குடித்துக் காட்டட்டும், அவனுக்கே விருது கொடுக்கலாம்.

எழுதியவர் ஒரு நாள் வந்து கோயிலைச் சுற்றி நின்றிருந்தால் போதும். திருவிழாவுக்கு வந்த மருமகளின் சென்னைச் சித்தப்பா, கீழ சித்திரை வீதியில் நின்றுகொண்டு மேல மாசி வீதிக்கு வழி கேட்டிருக்கிறார். ஒருவர், "நேரே மேலே போங்கள்" என்று கை காட்டியிருக்கிறார். நமக்கு மேலே என்றால் மேற்கு, கீழே என்றால் கிழக்கு. அவருக்கு அது எப்படித் தெரியும்? அண்ணாந்து பார்த்துவிட்டு, "படி எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். பக்கத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஏன் சார், வரும்போது ஏணி எடுத்து வரவில்லையா?" என்றார். சித்தப்பாவே அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தார். அந்தப் பூக்காரம்மாவுக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை.

அதற்காக நிகழ்ச்சி முழுவதும் குப்பை என்று நான் சொல்லவில்லை. போன சனிக்கிழமை நடந்ததைக் கேள். ரேஷன் கடைத் துணுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பெண்ணிடமிருந்து போன் வரவே, உன் தங்கச்சி டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டாள். படம் மட்டும் ஓடுகிறது. கிழவர் ஒருவர் ரேகை மிஷினில் கட்டைவிரலை வைக்கிறார். எடுக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைக்கிறார். எடுக்கவில்லை. தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைக்கிறார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பத்தும் முடிந்ததும் ஒரு கணம் யோசித்து, குனிந்து, செருப்பைக் கழற்றுகிறார். கடைக்காரர் மிஷினை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். போனைக் காதில் வைத்தபடியே உன் தங்கச்சி சிரித்த சிரிப்பில், பெண் அந்தப் பக்கம் பயந்துபோய், "அம்மா, என்ன ஆயிற்று?" என்றாள். செங்கல் சூளையிலும் வயலிலும் ரேகை தேய்ந்துபோனவர்கள் அந்த மிஷின் முன்னால் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நடிகரும் பார்த்திருக்கிறார்.

போன் பேசி முடித்ததும் சத்தத்தை வைத்தாள். அடுத்த துணுக்கு. வரிக்கு வரி ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது, எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "யார் இவர்கள்? எங்கே உட்கார்ந்து சிரிக்கிறார்கள்?" என்று உன் தங்கச்சி கேட்டாள். பேரன் தேடிப் படித்துச் சொன்னான். 1950களில் அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பலவிதச் சிரிப்புகளைப் பதிவு செய்து ஒரு பெட்டிக்குள் வைத்து, தட்டச்சுப் பொறி போல விசைகளை அழுத்தி வேண்டிய இடத்தில் வேண்டிய சிரிப்பை ஓடவிட்டாராம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்துவிடாதபடி பூட்டு வேறு போட்டிருந்தாராம். "அப்படியானால் செத்துப்போனவர்களும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்" என்றாள் உன் தங்கச்சி. அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு நிகழ்ச்சி ஓடவில்லை. நம் ஊர் நாடகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1974 என்று நினைக்கிறேன். சோழவந்தான் பக்கம் நம் ஊர்க் கோயில் பொங்கல், வள்ளி திருமணம் நாடகம். சாக்கை விரித்து நீயும் நானும் ஆர்மோனியப் பெட்டிக்குக் கிட்டத்தில் இடம் பிடித்திருந்தோம். ஸ்பெஷல் நாடகம் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்த்ரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் இன்னொரு ஊர். தேதி பேசி, தனித்தனியாக பஸ் ஏறி வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் கதை ஓடிவிடும். பபூனுக்கு அந்த வசதியும் இல்லை. பத்து மணிக்குத் தனியாக வந்து நின்று, முன்பின் தெரியாத கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும்.

அன்றைக்கு வந்தவர் முதலில் ஏதோ பட்டணத்துச் சினிமாக் கொட்டகைக் கதை சொன்னார். ஒரு ஆள் சிரிக்கவில்லை. இரண்டாவது கதைக்கும் அப்படியே. அவர் நிறுத்திவிட்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்து, டியூப் லைட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, இந்த ஊரில் சிரிப்புக்குத் தீர்வை உண்டா? பட்டா இருக்கிறவர்கள்தான் சிரிக்கலாமா?" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, ஊரின் நிலவரிக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கூட்டம் வெடித்துச் சிரித்தது. அப்புறம் இரண்டு மணி நேரம் அவர் வைத்ததுதான் சட்டம். நடுவில் தாலியறுத்தவளைப் பற்றிய ஒரு கேலியை ஆரம்பித்தார். ஆர்மோனியக்காரர் சட்டென்று ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்து, கண்ணால் இடப்பக்கம் காட்டினார். போன மாதம் புருஷனை இழந்த மேலத்தெரு அத்தை அங்கே தூணில் சாய்ந்திருந்தாள். பபூன் மூச்சுவிடவில்லை, வாயில் இருந்த வரியை அப்படியே தன் பெண்டாட்டி மேல் திருப்பி, அவளிடம் தான் அடி வாங்கிய கதையாக முடித்துவிட்டார். அத்தைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் மறுநாள் சொன்னாள்.

இதை எழுதும்போதே வேறொன்றும் வருகிறது. நாம் இருவரும் பேசிக்கொள்வதைத் தவிர்த்த ஒன்று. அதே 1980 ஆண்டு விழா. விடுதிச் சமையல்காரரின் திக்குவாயை நான் செய்து காட்டினேன். நீ சேலையில், நான் கரண்டியோடு. அரங்கமே கைதட்டியது. அவர் கடைசி வரிசையில், பிள்ளைகளின் நாடகம் பார்க்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். உனக்குத் தெரியாது; நான் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை. கைதட்டல் அவ்வளவு ருசி. மறுநாள் சாப்பாட்டில், "கு... குழம்பு வேண்டுமா?" என்று தினமும் கேட்கிறவர், ஒன்றும் கேட்காமல் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். படிப்பு முடியும்வரை என்னிடம் வாய் திறக்கவில்லை. குழம்பில் மட்டும் குறை வைத்ததில்லை.

ஆகையால் நிகழ்ச்சிக்காரர்களைத் திட்டி ஊர் சார்பில் ஒரு கடிதம் எழுதிக் கொடு என்று கண்டக்டர் என்னிடம் கேட்டபோது, எழுதித் தருகிறேன் என்றேன், ஆனால் அவர் கேட்ட மாதிரி எழுதவில்லை. 'ஏலே' நம் சொல் அல்ல என்று ஒரு வரி, ஜிகர்தண்டாவுக்கு ஒரு வரி, ரேஷன் கடைக் கிழவருக்கு எங்கள் வீட்டார் சார்பில் வணக்கம் என்று ஒரு வரி. கண்டக்டர் படித்துவிட்டு, "இதில் கோபமே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தபால்தலை என் செலவு, நானே போட்டுவிட்டேன்.

சொல்ல வந்ததை மறந்துவிட்டேனே. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நம் ஊரில் கோயில் பொங்கல். நாடக நோட்டீஸ் வந்துவிட்டது, வள்ளி திருமணமேதான். பபூன் படம் கீழ்க்கோடியில் இருக்கிறது, சின்னப் பையன், முப்பதுகூட இருக்காது. வியாழன் இரவே கோவையில் பஸ் ஏறிவிடு. ஆரப்பாளையத்தில் இறங்கி ஒரு போன் போடு, ஸ்கூட்டரில் வந்துவிடுகிறேன். சாக்கு வேண்டாம், தரையில் உட்கார்ந்தால் நம்மைத் தூக்கிவிட நாலு பேர் வேண்டும், அதைப் பார்த்துவிட்டால் பபூனுக்கு அன்றைக்கு வேறு சரக்கே தேவைப்படாது. பந்தல்காரரிடம் இரண்டு நாற்காலி சொல்லிவைத்திருக்கிறேன், ஆர்மோனியத்துக்குக் கிட்டத்தில்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை