குழுத் தலைவியாகிவிட்ட மகளுக்கு

அன்பின் மகளுக்கு,

உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததை அப்பா கிளிநொச்சி முழுக்கச் சொல்லித் திரிகிறார். எனக்கும் பெரிய சந்தோசம். ஆனால் போனில் நீ சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. கூட்டத்தில் எல்லாரும் "ஓம், சரி" என்கிறார்களாம், வேலையை ஒப்படைக்கிற நேரத்தில்தான் பிழை தெரியவருகிறதாம்.

முகமாலையில் நாங்கள் மிதிவெடி அகற்றியபோது, சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் அதே சட்டம்தான். வந்து பார்த்தால் அநேகமாகப் பழைய ஆணியோ தகரத் துண்டோதான் கிடக்கும். அதற்காக ஒருவரும் ஏசுவதில்லை. ஒருதரம் ஏசினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை கூப்பிடாது, அந்த முறை கிடப்பது வெடியாக இருக்கலாம். ஒருவர் துப்பரவாக்கிய துண்டை இன்னொருவர் திரும்பச் சோதிப்பார். என்னை நம்பவில்லையா என்று யாரும் கோபித்ததில்லை. காலையில் யார் எங்கே வேலை, காயம் பட்டால் யார் தூக்குவது, வாகனம் எந்தப் பாதையால் போவது என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். தினமும் அதே கதைதான், ஆனாலும் ஒருநாளும் விட்டதில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியையைப் பற்றி நீதானே சொன்னாய்? 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை அவர் ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் கூடுதல் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள், அதுதான் காரணம் என்று பிறகு விளங்கியதாம். எனக்கு அது புதினமாகப் படவில்லை.

அதனால் கூட்டத்தில் நீ கடைசியாகக் கதை. தலைவி முதலில் தன் முடிவைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். வாய் திறக்காத அந்த மட்டக்களப்புத் தம்பிக்கு இங்கிலிஷில் கதைப்பதுதான் பயமாக இருக்கலாம். தமிழில் சொல்லட்டும், இல்லாவிட்டால் முதல் நாளே எழுதி அனுப்பட்டும். யாராவது பிழையைச் சொல்லி வந்தால் முதலில் நன்றி சொல், காரணத்தைப் பிறகு விசாரி. உன் முகம் அந்த நேரம் எப்படி மாறுகிறது என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுலா, பிறந்தநாள் கேக் எல்லாம் நல்லதுதான், அதனால் மட்டும் ஒரு குழு ஒட்டாது.

காலக்கெடு நெருங்குகிறது என்றாய். மிதிவெடி வேலைக்கும் காலக்கெடு உண்டு. மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, வெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை. அதற்காக யாரும் சோதிக்காமல் அடுத்த அடி வைக்க முடியாது. நீயும் மேலிடத்துக்கு, இவ்வளவுதான் முடியும், மிச்சத்துக்கு இன்னும் நாள் வேண்டும் என்று நேரே சொல். அந்தப் பாரத்தை உன் குழுப் பிள்ளைகளின் தலையில் இறக்காதே.

திங்கள் கூட்டத்துக்கு முன்னமே அந்தத் தம்பியோடு தனியாகக் கதைத்துப் பார். என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா