டிராம்சோவிலிருந்து அம்மாவுக்கு

சேசு மரி சூசை

டிராம்சோ, நார்வே
பிப்ரவரி 3

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. கையெழுத்து தம்பியுடையது என்றாலும், "இருக்கிறாளா என்றாவது எழுதச் சொல்" என்பது நீ சொல்லச் சொல்ல அவன் எழுதினதுதான். கோபப்படாதே. நன்றாக இருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் போனில் பேச்சைச் சுருக்கினேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மீனுக்குக் குறைவே இல்லை. இந்த மாதங்களில் பெரிய காட் மீன் முட்டையிட வரும். அதை ஈரலும் சினையும் சேர்த்து அவித்துச் சாப்பிடுகிறார்கள். புளியும் இல்லை, மிளகாயும் இல்லை! நான் தலையை வாங்கிவந்து நம் வீட்டுக் குழம்பு வைக்கிறேன். இந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் மரச்சட்டங்களில் மீனைத் தொங்கவிட்டுக் கருவாடு போடுகிறார்கள். உப்பே கிடையாது, குளிர்காற்றிலேயே காய்ந்துவிடும். அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

கீழ்வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். அடியில் நீள இரும்புப் பட்டை வைத்த ஒரு நாற்காலி வண்டியை ஒற்றைக் காலால் உந்தி உந்திப் பனியில் கடைக்குப் போய்வருவார். சன்னலுக்குத் திரை போடமாட்டார், எல்லாச் சன்னலிலும் விளக்கு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் மீன் எண்ணெய் குடித்தாயா என்று கேட்பார். வெயில் இல்லாத மாதங்களில் அது வேண்டும்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை இங்கே சூரியன் எழும்பாது. மத்தியானம் கொஞ்ச நேரம் நீலமாக வெளிச்சம், அப்புறம் இருட்டு. அப்பாவை அடக்கம் பண்ணினது அக்டோபரில். கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய இரவு நான் முதியோர் இல்லத்தில் டூட்டியில் இருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் செபமே வரவில்லை அம்மா. செபமாலையை எடுத்தால் வாய் திறக்காது. பூசைக்கும் போகவில்லை. தூக்கமும் போய்விட்டது. அப்போது இதை உனக்கு எப்படிச் சொல்வேன்?

வீடியோவில் ஒருமுறை பார்த்தாயே, குருநகர் அக்கா, அவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார். 80-களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இதற்கும் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சண்டையில் கூடப்பிறந்தவனை இழந்தவர். "நீ ஒண்டும் சொல்ல வேண்டாம் பிள்ளை, நான் சொல்லுறன், நீ கேட்டுக்கொண்டிரு" என்று தினமும் ராத்திரி போனில் செபமாலை சொல்வார். நான் போனைத் தலையணையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். ஒருநாள் "எங்கள் மரண நேரத்திலும்" என்று அவர் சொல்லும்போது என் வாயும் கூடச் சேர்ந்துகொண்டது. டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். வெயிலுக்குப் பதிலாகக் காலையில் அரைமணி நேரம் ஒரு பெரிய விளக்கின் முன்னால் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அந்தக் குணத்தையும் ஆண்டவர் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கார்மேல் மடம் இருக்கிறது. போப் ஜான் பால் 1989-ல் இந்த ஊருக்கு வந்துபோன மறுவருஷம் ஐஸ்லாந்திலிருந்து சில சிஸ்டர்கள் வந்து தொடங்கியது. அங்கே ஒரு சிஸ்டரிடம், எனக்கு ஆண்டவர்மேல் கோபம் என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. 88-ஆம் திருப்பாடலைப் படிக்கச் சொன்னார். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியில் நன்றியும் புகழ்ச்சியும் வந்துவிடும், இது இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் அதைத்தான் அவர்கள் சொல்கிறார்களாம். விடியாத இருட்டில் நின்று கூப்பிட்டவனின் குரலை வேதத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்றால், என் அழுகையும் செபம்தானே! அன்றிரவு எல்லாவற்றையும் ஆண்டவரிடம் கேட்டேன், அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஏன் விடவில்லை என்றும் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த இரவு தூங்கினேன்.

கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனேன். 1861-ல் கட்டிய சின்ன மரக்கோயில், அதுதான் இங்கே மேற்றிராசனக் கோயில். போலந்துக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், நம் ஆட்கள் என்று நிறைந்திருந்தது. வெளியே வந்தால் பனி கொட்டுகிறது. பனிமய மாதா கோயில் நிழலில் வளர்ந்தவள் நான், பனியைத் தொட்டது இங்கே வந்துதான். கொடியேற்றத்தன்று அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்துவிட்டது. ஊருக்கு வரவேண்டும் அம்மா. உன் மடியில் படுக்கவேண்டும்.

சரி, வீட்டு விஷயம். வள்ளத்தைச் சின்ன மாமா கேட்கிற விலைக்குக் கொடுக்காதே, எஞ்சினுக்கே அந்த விலை பெறும். தம்பி படிப்பை முடிக்கும்வரை பங்குக்கு விடலாம். அடகு நகைக்கு இந்த மாதம் வட்டி மட்டும் கட்டச் சொல், மீதியை அனுப்புகிறேன். இங்கே பிடித்தம் கொஞ்சம் கூடிவிட்டது, வேறொன்றும் இல்லை, நீ கவலைப்படாதே. அக்டோபரில் அப்பாவின் ஆண்டு பூசைக்கு வரப் பார்க்கிறேன், லீவு கேட்டிருக்கிறேன். கல்லறையில் சிலுவை வைக்க அவசரப்பட வேண்டாம், நான் வந்து கல் பார்க்கிறேன். மாமாவிடம் நீ பேசாதே, தம்பியைப் பேசச் சொல். கடிதத்தில் அவன் பரீட்சைத் தேதியை எழுதவே இல்லை, உடனே எழுதச் சொல்.

உன் அன்பு மகள்